எதற்கு வந்த பணம் இது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வீட்டில் இருந்தபடியே வேலை செய்து சம்பாதிக்கும் பிள்ளைகள் இப்போது செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வேலை அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. கூலி கைக்கு வந்து சேரும் வழியில்தான் தடுமாறுகிறார்கள். காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணி மேசையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் என்பதால், இது தொடர்பாக வந்த கடிதங்களை ஆசிரியர் என்னிடம் அனுப்பிவைத்தார்.

கேள்வி: என் மருமகள் பி.காம். படித்தவள். இங்கிலாந்தில் உள்ள ஒரு சிறு நிறுவனத்துக்கு வீட்டில் இருந்தே கணக்கு எழுதித் தருகிறாள். முதல் மாதக் கூலி 450 பவுண்டு வந்து வங்கியில் நிற்கிறது. எதற்கு வந்த பணம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ‘குடும்பச் செலவுக்கு என்று எழுதிக் கொடு, இன்றைக்கே விட்டுவிடுவார்கள்’ என்கிறான் மகன். மருமகள் தயங்குகிறாள். எது சரி?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மருமகள் தயங்கியதுதான் சரி, ஆச்சி. மகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கி ஒரு எண் போட வேண்டும். பர்ப்பஸ் கோடு என்பார்கள். ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கும் பட்டியல் அது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை குடும்பத்துக்கு அனுப்பும் பணத்துக்கு பி1301. கணக்கெழுதும் வேலைக்கு வந்த கூலிக்கு பி1005. மென்பொருள் வேலை என்றால் பி0802, கட்டட வரைபடம் என்றால் பி1009. இப்படி வேலைக்கு வேலை எண் உண்டு. கவுன்டரில் இருக்கும் பிள்ளை மருமகளைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வந்த தொகை இன்ன காரணத்துக்கு என்று வங்கி மேலே கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

மகன் சொல்வதுபோல பி1301 போட்டால் பணம் இன்றைக்கே கணக்கில் ஏறும், உண்மைதான். ஆனால் அந்த நிமிடமே அது மருமகளின் உழைப்புக்கு வந்த காசு இல்லை என்று ஆகிவிடும். நாளைக்கு அவள் வருமான வரிக் கணக்கு கொடுக்கும்போது தொழில் வரவு என்று காட்டுவாள், வங்கிச் சான்று குடும்பப் பணம் என்று சொல்லும். வீட்டுக் கடன் கேட்டுப் போனால், ‘சம்பாத்தியம் எங்கே அம்மா?’ என்பார்கள். வேலை பெரிதாகி ஜிஎஸ்டி எல்லைக்குள் வந்தால், சேவை ஏற்றுமதி செய்தேன் என்று நிரூபிக்க அவளிடம் ஒரு தாள்கூட இருக்காது. பிறகு கடிதம் கொடுத்து எண்ணை மாற்றச் சொல்லலாம்தான். பழைய தேதியில் போட்ட எண்ணைத் திருத்த வங்கியில் எவ்வளவு நடக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அப்படி நடந்தவர்கள் என் மேசைக்குத்தான் வந்தார்கள். இரண்டு வருஷத்துப் பணத்துக்கு எண் மாற்றச் சொல்லிக் கண் கலங்கி நின்ற பெண் ஒருத்தி இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறாள்.

மருமகள் செய்ய வேண்டியது இதுதான். அந்த நிறுவனத்தின் பெயருக்கு ஒரு இன்வாய்ஸ் எழுத வேண்டும். அதில் வரிசை எண், தேதி, அவள் பெயரும் முகவரியும், அவர்கள் பெயரும் முகவரியும், ‘இன்ன மாதத்துக்கான கணக்கெழுதும் பணி’ என்ற விவரம், 450 பவுண்டு என்ற தொகை ஆகியவை இருந்தால் போதும். வேலைக்கு ஒப்புக்கொண்ட மின்னஞ்சலை அச்செடுத்து அதோடு இணைக்கட்டும். பான் அட்டை நகல், வங்கி கொடுக்கும் படிவம். இவ்வளவுதான். பணம் ஏறியதும், அந்நிய வரவுச் சான்று கேட்டு வாங்க வேண்டும். வங்கியில் ‘ஃபிரா’ என்பார்கள். அனுப்பியவர் பெயர், தொகை, மாற்று விலை, பர்ப்பஸ் கோடு எல்லாம் அதில் இருக்கும். சில வங்கிகள் தாமாகவே மின்னஞ்சலில் அனுப்பிவிடும், சிலவற்றில் கேட்டால்தான் வரும். மாதாமாதம் வாங்கி, இன்வாய்ஸோடு சேர்த்து ஒரே கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் ஊருக்கு அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் இருந்தது, ஐந்தொகையில் ஓர் இடம் இருந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. கடல் கடந்த வரவு செலவு இந்த ஊருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. அந்தக் காலத்தில் ஆண்கள் கப்பலேறிப் போய் ஈட்டியதை உங்கள் மருமகள் வீட்டு வளவில் உட்கார்ந்தபடி ஈட்டுகிறாள். அந்தப் பணம் அவள் சம்பாத்தியம் என்ற பெயரோடுதான் வர வேண்டும்.

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர் 800 டாலர் அனுப்பியதாகச் சீட்டுக் காட்டுகிறார். கூகுளில் பார்த்த விலைக்குக் கணக்குப் போட்டால் எனக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் குறைகிறது. வங்கியில் கேட்டால் ‘அங்கேயே பிடித்துவிட்டார்கள்’ என்கிறார்கள். யார் பிடித்தது? பேபால், பேயோனியர், வைஸ் என்ற இணையப் பணச் சேவைகளில் எதற்கு மாறலாம்?
– மென்பொருள் எழுதும் வாசகர், காரைக்குடி

பதில்: தம்பி, நீங்கள் வங்கிச் சீட்டின் படத்தையும் அனுப்பியது நல்லதாயிற்று. யார் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பிரித்துக் காட்டிவிடலாம். கணக்கு எளிதாக இருக்க ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

800 டாலருக்கு 68,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். அமெரிக்க வங்கியிலிருந்து பணம் நேரே காரைக்குடிக்கு வருவதில்லை. ஸ்விஃப்ட் என்பது வங்கிகளுக்கு இடையே செய்தி போகும் வலை மட்டுமே. பணம், நம் வங்கி நியூயார்க்கில் கணக்கு வைத்திருக்கும் இன்னொரு வங்கியின் வழியாக வருகிறது. அந்த நடு வங்கி 25 டாலர் எடுத்துக்கொண்டது. உங்கள் சீட்டில் 775 என்று நிற்பது அதனால்தான். ரூபாயில் 2,125 அங்கேயே போயிற்று.

அடுத்து மாற்று விலை. கூகுளில் தெரிவது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலையை ஒட்டியது. நமக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. டாலருக்கு 80 காசு குறைத்து 84.20 போட்டார்கள் என்றால் 775 டாலரில் 620 ரூபாய் போகும். மாற்றிக் கொடுப்பதற்கு வங்கி வாங்கும் கட்டணம் 200, அதற்கு ஜிஎஸ்டி 36. நாணய மாற்றுக்கு என்று தனியாக ஒரு ஜிஎஸ்டி இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றிய தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். 65,255 ரூபாய்க்கு அது 117. எல்லாம் போகக் கையில் 64,902. மொத்தக் குறைவு 3,098 ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு நடு வங்கிக்குப் போனது.

ஆகவே நடு வங்கியை எப்படிக் கடப்பது என்பதுதான் முதல் கேள்வி. அனுப்பும்போது ‘எல்லாக் கட்டணமும் என்னுடையது’ என்று வாடிக்கையாளர் குறிக்கலாம். வங்கிப் படிவத்தில் ‘OUR’ என்று ஆங்கில எழுத்து மூன்றில் ஒரு தேர்வு இருக்கும். டாலர் விஷயத்தில் அதுவும் எப்போதும் முழுதாகப் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வேலை தொடர்ந்து நடக்கிறது என்றால் இரண்டு மாதத் தொகையைச் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். 25 டாலர் 800க்கும் 25தான், 1,600க்கும் 25தான்.

இரண்டாவது, விலை பேசுங்கள். பலருக்கு இது தெரியவே தெரியாது. கிளையில் ‘கார்டு ரேட்’ என்று காலையில் ஒரு விலைப் பட்டியல் வரும். பேசாதவருக்கு அந்த விலைதான். அதில்கூட உங்களுக்குப் பொருந்துவது, வங்கி வழியாக வரும் பணத்துக்கான ‘டிடி (TT) பையிங் ரேட்’ என்ற வரிசை. நோட்டாகக் கொண்டுவருபவருக்கான வரிசை அதைவிடக் குறைவாக இருக்கும். மாறிப்போட்டிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். மாதாமாதம் வரவு வரும் வாடிக்கையாளர் என்று சொல்லி மேலாளரிடம் பேசினால் பத்து இருபது காசு கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட மூன்று பெயர்கள். பேபாலில் வாடிக்கையாளருக்கு வேலை சுலபம், அட்டையைத் தட்டினால் போதும். நமக்குச் செலவு அதிகம். வணிக வரவுக்குச் சுமார் 4.4 சதவீதமும் ஒரு சிறு நிலைக் கட்டணமும் பிடிப்பார்கள். ரூபாயாக மாற்றும் விலையிலும் அவர்களுக்கு லாபம் உண்டு. 100 டாலர் வேலைக்கு ஐந்து டாலருக்குள் பிடிப்பார்கள், 25 டாலர் நடு வங்கியைவிட அது எவ்வளவோ மேல். 800 டாலருக்கு முப்பத்தைந்து டாலருக்கு மேல் ஆகிறது, மாற்று விலை நஷ்டம் அதற்கு மேலே. சிறு தொகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கணக்கில் டாலரைச் சேர்த்து வைக்கவும் முடியாது, அதுவே உங்கள் வங்கிக்குத் தள்ளிவிடும்.

பேயோனியர் போன்றவை வேறு விதம். உங்கள் பெயரில் அமெரிக்காவில் ஒரு வரவுக் கணக்கு எண் கொடுப்பார்கள். ஒன்பது இலக்க ரவுட்டிங் எண்ணோடு வரும். வாடிக்கையாளர் தன் ஊர் வங்கியிலிருந்து தன் ஊர் வங்கிக்கு அனுப்புவதுபோல அனுப்பிவிடுவார், நடு வங்கியே வராது. இங்கிலாந்துக்கு சார்ட் கோடு, ஐரோப்பாவுக்கு ஐபேன் என்று அந்தந்த நாட்டு முறையில் எண் கிடைக்கும். வைஸ் வழியாக வாடிக்கையாளர் நேராக உங்கள் ரூபாய்க் கணக்குக்கே அனுப்பலாம், மாற்று விலை சந்தை விலையை ஒட்டி இருக்கும், கட்டணம் தனியாகத் தெரியும். இந்த வழிகளில் பணம் கடைசிக் கட்டத்தில் உள்நாட்டுப் பரிமாற்றம்போல உங்கள் பாஸ்புத்தகத்தில் விழக்கூடும். அப்போது வெளிநாட்டு வரவு என்பதற்கான சான்றை அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அது இலவசமா, கட்டணமா, எத்தனை நாளில் வரும் என்பதைக் கணக்குத் திறக்கும் முன்பே விசாரியுங்கள். சான்று தர மறுக்கும் இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. எல்லை தாண்டிய பணத்தைக் கையாளும் நிறுவனங்களுக்கு 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தனி விதிமுறை கொண்டுவந்தது. ஒரு சேவைக்கு 25 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பும் அப்போது அதில் இருந்தது. அந்த அனுமதி பெற்ற இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொகைக்கு என் யோசனை: அமெரிக்க வரவுக் கணக்கு எண் தரும் ஒரு வழியை முதலில் முயன்று பாருங்கள். இரண்டு மாதச் சீட்டுகளை நான் மேலே போட்டதுபோலப் பிரித்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

கேள்வி: கோலாலம்பூரில் உள்ள ஒரு தமிழ் நிறுவனத்துக்கு விளம்பரப் படங்கள் வரைந்து தருகிறேன். என் மாமாவுக்கு அங்கே கடை இருக்கிறது. வாடிக்கையாளர் ரிங்கிட்டை மாமா கடையில் கொடுத்துவிடுவார், இங்கே மாமாவின் ஆள் எனக்கு ரூபாயாகக் கொடுப்பார், வங்கிக் கட்டணமே இல்லை என்கிறார்கள். நம் ஆட்களிடம்தானே, செய்யலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: செய்யாதீர்கள். மாமா நல்லவர், வாடிக்கையாளர் நல்லவர், நடுவில் நிற்கும் ஆளும் நல்லவராகவே இருக்கட்டும். அங்கே ரிங்கிட் ஒரு கையில் கொடுத்து இங்கே ரூபாய் இன்னொரு கையில் வாங்குவது ஹவாலாதான். அங்கீகாரம் பெற்றவர் வழியாக அல்லாமல் வெளிநாட்டில் இருப்பவருக்காக இங்கே பணம் பெறுவதை அந்நியச் செலாவணிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தடுக்கிறது. பிடிபட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கப் பதின்மூன்றாம் பிரிவில் இடம் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் இதைக் குற்றமாகவே நினைக்காத வீடுகள் உண்டு என்று எனக்குத் தெரியும். ‘அந்தக் காலத்தில் எல்லாம் உண்டியலில்தான் வந்தது’ என்பார்கள். அந்தக் காலத்து உண்டியல் எழுதியவர், எடுத்துக்கொள்பவர், தவணை எல்லாம் எழுத்தில் உள்ள தாள். இரண்டு ஊர்க் கடைப் பேரேட்டிலும் அது பதிவானது. இப்போது உங்களிடம் நீட்டுவது தாள் இல்லாத ரொக்கம். அந்த ரூபாய் யாருடையது, எந்த வழியில் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அந்த ஆள் வேறொரு வழக்கில் சிக்கினால், அவருடைய குறிப்பேட்டில் உங்கள் பெயரும் இருக்கும். படம் வரைந்து பிழைக்கும் பிள்ளை அமலாக்கத் துறை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல மதுரைக்கும் சென்னைக்கும் நடக்க வேண்டுமா?

வெஸ்டர்ன் யூனியன்போலக் கவுன்டரில் பெறும் வழியும் உங்களுக்குப் பொருந்தாது. அது தனிநபர் அனுப்பும் குடும்பப் பணத்துக்கு மட்டும் உரியது. ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவர் ஆண்டுக்கு 30 தடவை பெறலாம் என்ற வரம்புகளும் அதற்கு உண்டு. தொழில் வரவு அதில் வரக்கூடாது.

வாடிக்கையாளர் தன் மலேசிய வங்கியிலிருந்தே உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். விளம்பரப் பணிக்கு பர்ப்பஸ் கோடு பி1007. கட்டணம் அவருக்குக் கசந்தால் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மாமாவுக்கு மனத்தாங்கல் வராமல், ‘ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்’ என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

கேள்வி: ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கான பூ வேலைப்பாடுகளைக் கணினியில் வரைந்து ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் ஒருவருக்கு அனுப்புகிறேன். இப்போது அந்த வடிவத்தில் நாற்பது கல் மாதிரிக்காக விலைக்குக் கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே இன்வாய்ஸ் போடலாமா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: வேண்டாம், இரண்டாகப் போடுங்கள். வரைபடம் அனுப்புவது சேவை. அதற்கு இன்வாய்ஸும் வங்கிச் சான்றும் போதும். ஏற்றுமதி இறக்குமதி எண் என்னும் ஐஇசி, சேவைக்கு, அரசின் ஏற்றுமதிச் சலுகை எதையும் கேட்காதவரை கட்டாயம் இல்லை.

கல் அனுப்பினால் அது சரக்கு. விலை வாங்கி அனுப்பும் சரக்குக்கு ஐஇசி வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வீட்டில் இருந்தே எடுக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும். மறந்தால் எண் செயலிழந்துவிடும். சரக்குக்குச் சுங்கத் தாள் ஒன்று கிளம்பும், வங்கி அந்தத் தாளையும் வந்த பணத்தையும் பொருத்திப் பார்த்துக் கணக்கை முடிக்கும். சேவைப் பணமும் சரக்குப் பணமும் ஒரே தொகையாக வந்துவிட்டால் அந்தப் பொருத்தம் இடிக்கும். அதனால்தான் தனித்தனி இன்வாய்ஸ், முடிந்தால் தனித்தனியாகப் பணம்.

சிறு பொட்டலங்களுக்கு அஞ்சல் துறை டாக் கர் நிர்யாத் கேந்திரா என்று ஏற்றுமதி மையங்கள் நடத்துகிறது. சுங்கத் தாளை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் நம் கல் சூளையில் வேகாதது, கண்ணாடி மேல் வார்த்து நீரில் ஊறி வெயிலில் காய்ந்தது. எடையும் அதிகம், மூலையும் எளிதில் உடையும். அஞ்சல் எடை வரம்பையும் உடைசலுக்கான பொறுப்பு யாருடையது என்பதையும் பேசி, இன்வாய்ஸிலேயே எழுதிய பிறகு அனுப்புங்கள். கட்டடக் கலைஞர் ஒருவர் உங்கள் ஊர்ப் பூவை அங்கே தரையில் பதிக்க விரும்புகிறார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கேள்வி: இணையதளங்கள் வடிவமைக்கிறேன். ஆண்டு வரவு ஒன்பது லட்சம் அளவில் இருக்கிறது, எல்லாம் அமெரிக்காவிலிருந்து. நண்பர் ஒருவர் உடனே ஜிஎஸ்டி எண் எடு, பில்லில் 18 சதவீதம் சேர் என்கிறார். வாடிக்கையாளரோ டபிள்யூ-8பென் என்ற படிவம் கேட்கிறார். அமெரிக்காவிலும் வரி, இங்கேயும் வரியா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. 18 சதவீதம் சேர்த்து பில் அனுப்பியிருந்தால் அந்த வாடிக்கையாளர் வேறு ஆள் பார்த்திருப்பார்.

சேவை செய்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாவது ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான். ஏற்றுமதிச் சேவைக்கும் அதே வரம்புதான். தாண்டிய பிறகும் ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம். எல்யூடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் இணையத்தில் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே பில் போடலாம். ஆனால் அது ஏற்றுமதி என்று ஆக, வாங்குபவர் இந்தியாவுக்கு வெளியே இருக்க வேண்டும், பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியில் வந்திருக்க வேண்டும். (ரூபாயில் பெற ரிசர்வ் வங்கி அனுமதித்த இனங்கள் தனி.) அதை நிரூபிப்பது மேலே நான் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த வங்கிச் சான்றுதான். எல்யூடியில் பில் போட்டால், விதித்த கெடுவுக்குள் பணம் வந்து சேர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டபிள்யூ-8பென் வரி கட்டும் படிவம் இல்லை. ‘நான் அமெரிக்கர் அல்லர், இந்தியாவில் வசிப்பவர்’ என்று வாடிக்கையாளரிடம் நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி. நீங்கள் பள்ளத்தூரில் உட்கார்ந்து செய்த வேலைக்கான கூலி அமெரிக்காவில் எழுந்த வருமானம் ஆகாது. அந்தப் படிவம் அவர் கோப்பில் இருந்தால் அவர் வரி பிடிக்காமல் முழுத் தொகையை அனுப்பலாம். வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணை எழுதுங்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டு முடிவு வரை செல்லும்.

இங்கே வருமான வரி உண்டு. குறிப்பிட்ட தொழில்களுக்கு, மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டி, செலவுக் கணக்கு எழுதாமலே முடிக்கும் வழி இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் எல்லோருக்கும் பழகிய பிரிவு. வரவு 50 லட்சம் வரை இது பொருந்தும், ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் முதலியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இணையதள வடிவமைப்பு எதன் கீழ் வரும் என்று ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பொருந்தினால் ஒன்பது லட்சத்தில் நாலரை லட்சம்தான் வருமானம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி வராது. வரி வராது என்பதற்காகக் கணக்கு கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். நாலு லட்சத்தைத் தாண்டிய வருமானத்துக்கு ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் இங்கே டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டுவதில்லை என்பதால், பின்னால் வரவு கூடி வரி பத்தாயிரத்தைத் தொட்டால் முன்வரியை நீங்களே கட்ட வேண்டும். பாதி வரவு முறையில் இருப்பவர்கள் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும்.

கேள்வி: வாடிக்கையாளர் கிரிப்டோவில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– மாணவர், காரைக்குடி

பதில்: வேண்டாம். அது அந்நியச் செலாவணி வரவாகக் கணக்கில் ஏறாது, வங்கிச் சான்று கிடைக்காது. விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. விற்கும்போது ஒரு சதவீத டிடிஎஸ். டாலரில் கேளுங்கள், தரமாட்டேன் என்பவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்று 3,000 டாலர் அனுப்பிவிட்டதாகவும், ரிசர்வ் வங்கியில் நிற்பதாகவும், விடுவிக்க 18,500 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. ரிசர்வ் வங்கி முத்திரை இருக்கிறது.
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி தனிநபர் பணத்தை வாங்கி வைப்பதும் இல்லை, விடுவிக்கக் கட்டணம் கேட்பதும் இல்லை. உண்மையான வரவில் கட்டணம் வந்த தொகையிலிருந்து கழியும், முன்னால் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

கேள்வி: பணம் வந்து, ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திரும்பிப் போய்விட்டது. வாடிக்கையாளர் மறுபடி அனுப்பச் சம்மதித்திருக்கிறார். என்ன திருத்த வேண்டும்?
– வாசகர், பொன்னமராவதி

பதில்: உங்கள் கடிதத்தின் அடியில் பெயருக்கு முன் நான்கு எழுத்து விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், போட்டிருக்கிறீர்கள். பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து நிற்கிறது, பாஸ்புத்தகத்தில் ஒரே ஒரு முதலெழுத்து, வாடிக்கையாளரிடம் கொடுத்ததோ முதலெழுத்தே இல்லாத பெயர். நம் பக்கத்தில் அடிக்கடி வரும் சிக்கல் இது. வெளிநாட்டு வங்கிக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம்தான் தெரியும். முதலெழுத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது.

இப்போதைக்கு, பாஸ்புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, அதையே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். கணக்கு எண், ஸ்விஃப்ட் கோடு, கிளை முகவரி மூன்றையும் தட்டச்சு செய்து அனுப்புங்கள், வாயால் சொல்லாதீர்கள். ஸ்விஃப்ட் கோடு எட்டு அல்லது பதினொரு எழுத்து எண்களில் இருக்கும். சிறு கிளைகளுக்குப் பெரும்பாலும் சொந்தக் கோடு இருக்காது, எந்தக் கிளையின் கோடைக் கொடுப்பது என்று மேலாளரிடம் எழுதி வாங்குங்கள். அங்கே ஐபேன் எண் கேட்டால் இந்தியாவில் அந்த முறை கிடையாது என்று சொல்லிக் கணக்கு எண்ணையே கொடுக்கலாம்.

அடுத்த வேலை, பான் அட்டையில் உள்ளபடி வங்கிக் கணக்கின் பெயரை மாற்ற மனுக் கொடுப்பது. இந்த வாரமே கிளைக்குப் போங்கள். பான், ஆதார் இரண்டின் நகலையும், திரும்பிப் போன பணத்துக்கு வங்கி கொடுத்த சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர் மாறியதும் இன்வாய்ஸிலும் அதே பெயரைப் போடுங்கள். அதன் பிறகு வரும் பணத்துக்கு வாடிக்கையாளருக்கும் அந்தப் பெயரையே கொடுங்கள்.